அக்காவின் முன்னவள்

என் அக்கா ஆவுடைத்தங்கம் இறந்து பதினான்கு மாதங்கள் ஆகின்றன. இந்த மாதம் அவளுக்கு எடை ஒரு கிலோ கூடியிருக்கிறது. முழங்கால் வலி தேவலை. சர்க்கரை எல்லையில் நிற்கிறது, இன்னும் தாண்டவில்லை.

இதை எனக்குச் சொன்னவர் எங்கள் ஊர்ச் சுகாதார நிலையத்துச் செவிலியர் சகாயராணி. ஒவ்வொரு மாதமும் முதல் செவ்வாய்க்கிழமை, பதிவு அலுவலகத்தில் காலைப் பத்திரங்களை எழுதி முடித்த கையோடு அங்கே போய்விடுவேன். ஊசி போட வந்த பிள்ளைகளின் அழுகை ஓய்ந்து, பின்னறையில் அவர் மட்டும் இருக்கும் நேரம் அது. திரையை என் பக்கம் திருப்பி வைப்பார்.

"இனிப்புத் திங்கிறதை விடமாட்டேங்கா உங்க அக்கா."

"அவ யார் சொல்லிக் கேட்டா சிஸ்டர்? அல்வாவைக் கண்டா அப்படியே உக்காந்திருவா."

திரையில் முகம் கிடையாது. சாம்பல் நிறத்தில் ஒரு பெண்ணின் உடல்வடிவம், அதைச் சுற்றி எண்கள், அவ்வளவுதான். மேலே ஒரு வரி: ஆவுடைத்தங்கம், முன்னவள், வயது 58. என் அக்கா நாற்பத்தேழில் போய்விட்டாள். ஐம்பத்தெட்டில் அவள் எப்படி இருப்பாள் என்று தெரிந்துகொள்ள எனக்கு அந்தத் திரையைவிட்டால் வேறு வழி இல்லை.

முன்னவள் திட்டம் எங்கள் ஊருக்கு வந்து ஐந்து ஆண்டுகள் இருக்கும். பெண்கள் பள்ளி மண்டபத்தில் முகாம். முப்பது வயது தாண்டிய பெண்கள் எல்லாரும் வரவேண்டும் என்று ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லிப் போனார்கள். விசைத்தறிக்கூடங்கள் அன்று அரைநாள் நின்றன. சகாயராணி சிஸ்டர்தான் மைக்கைப் பிடித்தார்.

"உங்களை மாதிரியே ஒருத்தியைக் கம்ப்யூட்டருக்குள்ள உண்டாக்கப் போறோம். அவளுக்கு உங்களைவிடப் பத்து வயசு கூட. உங்களுக்கு முன்னாடி அவ நடந்து போவா. கர்ப்பப்பை வாய்லயோ, கர்ப்பப்பைக்குள்ளயோ, சினைப்பையிலயோ புத்து வர்றதுன்னா அவளுக்குத்தான் முதல்ல வரும். வந்தா உங்களுக்கு அழைப்பு வரும். வந்து சோதிச்சுக்கணும். சீக்கிரம் பாத்துட்டா இது ஆளைக் கொல்ற நோய் இல்ல."

"பத்து வருசம் கழிச்சு என் வீட்டுக்காரரு எப்படி இருப்பாருன்னு அவ சொல்லுவாளா?" என்று கூட்டத்தில் ஒரு குரல்.

"அவரை உள்ள விடல. நீங்க மட்டும்தான்."

"அப்ப அவ குடுத்து வச்சவ!"

மண்டபமே சிரித்தது. என் அக்கா எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். பக்கத்தில் அவள் மாமியார் பேச்சியம்மாள் இருந்ததால் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

அந்த முன்னவளை எதைக்கொண்டு உண்டாக்குவது? விரல்நுனியில் இருந்து ஒரு சொட்டு ரத்தம். கர்ப்பப்பை வாயில் பஞ்சுக்குச்சியால் ஒரு துடைப்பு. பிறகு ஐம்பத்திரண்டு கேள்விகள். எந்த வயதில் பெரியவள் ஆனாய், எந்த வயதில் கல்யாணம், எத்தனை பிள்ளை, எத்தனை மாதம் பால் கொடுத்தாய், மாத்திரை சாப்பிட்டது உண்டா, தீட்டு நின்றுவிட்டதா, வீட்டில் பீடி உண்டா, எடை, சர்க்கரை. இவ்வளவும் எதற்கு என்று கேட்டவர்களுக்குச் சிஸ்டர் பொறுமையாக விளக்கினார். சின்ன வயதில் கல்யாணமாகி நிறையப் பெற்றவர்களுக்குக் கர்ப்பப்பை வாயில் அபாயம் கூடுதல். அதற்குக் காரணம் ஒரு கிருமி. எடையும் சர்க்கரையும் கூடினால் கர்ப்பப்பையின் உள்ளே. பிள்ளையே பெறாதவர்களுக்குச் சினைப்பையில். "அது மாசாமாசம் வேலை பாக்குது. பிள்ளை உண்டானா அதுக்கு லீவு. லீவே எடுக்காத சினைப்பை கொஞ்சம் சீக்கிரம் களைச்சுரும்" என்றார். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அக்கா என் இடுப்பில் முழங்கையால் இடித்து, "உன் ஆபீஸ் மாதிரியே இருக்கு ஏட்டி, லீவே இல்லாம" என்றாள்.

நாற்பத்தோராவது கேள்வி: அம்மா, அம்மாவின் சகோதரிகள், உடன்பிறந்தவர்கள், இவர்களில் யாருக்காவது புற்றுநோய் இருந்ததா?

இங்கே எங்கள் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா நாற்பதாவது வயதில் இறந்தாள். அக்காவுக்கு அப்போது பத்தொன்பது, எனக்குப் பதினான்கு. அம்மாவின் வயிறு நீர்கோத்துப் பெருத்து, முகமும் கையும் வற்றி, மூன்று மாதத்தில் எல்லாம் முடிந்தது. சினைப்பையில் புற்று என்று மதுரையில் சொல்லியிருந்தார்கள். காரியம் முடிந்த பதினாறாம் நாள் பெரியப்பா எங்கள் இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, "யார் கேட்டாலும் மஞ்சக்காமாலைன்னு சொல்லணும். வீட்டுல ரெண்டு பொட்டப்பிள்ளைக இருக்கு" என்றார். வயிறு வீங்கியதற்கும் அது பொருந்தியது. மதுரைக் காகிதங்களை அவரே வாங்கிக்கொண்டு போய்விட்டார். இரண்டு ஆண்டில் அக்காவுக்கு விசைத்தறிக்கூடம் வைத்திருந்த வள்ளிநாயகம் அத்தானோடு கல்யாணம் நடந்தது. திரும்பத் திரும்பச் சொல்லி எங்களுக்கே அம்மா மஞ்சள் காமாலையில் போனவளாகிவிட்டாள். திதியின்போது கீழாநெல்லியைப் பற்றிப் பேசிக்கொள்வோம், சீக்கிரம் கொடுத்திருந்தால் பிழைத்திருப்பாளே என்று.

முகாமில் எழுத்து தெரிந்தவர்கள் மற்றவர்களுக்குப் பதில் நிரப்பி உதவலாம் என்றார்கள். அக்காவின் பதில்களை நான்தான் நிரப்பினேன். நாற்பத்தொன்று வந்தபோது என் விரல் நின்றது. பேச்சியம்மாள் எங்கள் இருவருக்கும் நடுவில் தலையை நீட்டி, "என்னமா கேள்வி கேக்கான்?" என்றார். அக்கா என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "இல்லைன்னு போடு. அம்மா மஞ்சக்காமாலைல தானே போனா."

இல்லை என்று போட்டேன். எனக்கும் அப்படியே போட்டேன். மற்றவர்களின் சொல்லைக் கேட்டு எழுதுவது என் தொழில். எழுதிப் பதிவானது எத்தனை தலைமுறைக்கு நிற்கும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?

பிறகு மாதாமாதம் கைப்பேசியில் சீட்டு வரத் தொடங்கியது. முன்னவளின் நலம் பற்றி நான்கு வரி. எங்கள் ஊர்ப் பெண்கள் அவளை ஒரு சொந்தக்காரியாகவே ஆக்கிவிட்டார்கள். "என் முன்னவளுக்குப் பல்லு ரெண்டு விழுந்துட்டாம்." "என்னவ பரவால்ல, மெலிஞ்சுட்டா, எப்படித்தான் மெலிஞ்சாளோ, எனக்குச் சொல்ல மாட்டேங்கா." தண்ணீர்க் குழாயடியில் இதுதான் பேச்சு. அக்காவின் முன்னவள் கல்லுக்குண்டு போல இருந்தாள். இரண்டு ஆண்டும் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

எனக்குத்தான் அழைப்பு வந்தது. என் முன்னவள் ஐம்பதாவது வயதில் நோயுற்றாள் என்றும், ஏழு நாளுக்குள் மாவட்ட மருத்துவமனைக்கு வரவேண்டும் என்றும். எனக்கு அப்போது நாற்பது. உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லை. முன்னவள் கணக்கையும் முந்திக்கொண்டு, ஸ்கேனில் அரிசிமணி அளவுக்கு ஏதோ தெரிந்தது. திறந்து பார்த்து எல்லாவற்றையும் எடுத்தார்கள். ஆரம்பநிலை, இன்னும் ஓர் ஆண்டு போயிருந்தால் கதையே வேறு என்றார் மருத்துவர். ரத்தத்தில் மரபணுவையும் பார்த்தார்கள். அம்மாவிடமிருந்து வந்த பழுது அதில் இருந்தது. "உங்க அக்காவையும் வரச்சொல்லுங்க. அவங்களுக்கும் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு."

வார்டில் எனக்குத் துணையாக இருந்தவள் அக்காதான். ஊருக்குக் கர்ப்பப்பையில் கட்டி என்று சொல்லியிருந்தோம். என் தலையை வாரிக்கொண்டிருந்தாள். நான் மருத்துவர் சொன்னதைச் சொன்னேன்.

"பாக்கலாம்" என்றாள்.

"பாக்கலாம்னா?"

"இருக்கது ஒரே மக. மதிக்கு ஒரு இடம் அமையட்டும். எனக்குப் புத்து வந்த ரத்தம்னு ஊருக்குத் தெரிஞ்சா அவளைக் கேட்டு எவன் வருவான்? அப்புறம், ஏட்டி, இங்க பாரு." கைப்பேசியை எடுத்து நீட்டினாள். "என் முன்னவளுக்கு ஐம்பத்தஞ்சு. குத்துக்கல்லு மாதிரி இருக்கா. உனக்கு வந்ததைக் கண்டுபிடிச்ச மெசின் எனக்கு வந்தாக் கண்டுபிடிக்காதா?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. அவளுக்கு ஒரு பொய்யும் எனக்கு ஒரு மெய்யும் எழுதவில்லை நான். இருவருக்கும் ஒரே பொய்யைத்தான் எழுதினேன். அந்தப் பொய்யைத் தாண்டி இயந்திரம் என்னைக் கண்டுபிடித்திருக்கிறது. நாங்கள் மறைத்தாலும் அதற்குத் தெரிகிறது. அப்படியானால் அக்காவைப் பற்றி அது சொல்வதும் மெய்தான். இப்படித்தான் நான் எண்ணினேன். எண்ண விரும்பினேன் என்றும் சொல்லலாம். "சரி" என்றேன். அவள் பின்னலை முடித்து நுனியில் ரப்பர் போட்டாள்.

ஓர் ஆண்டில் அவள் வயிறு நீர்கோத்துக்கொண்டது. அஜீரணம் என்று இரண்டு மாதம் ஓமத்திரவம் குடித்தாள். பார்த்தபோது எல்லா இடத்துக்கும் பரவியிருந்தது. கடைசி வாரத்தில்கூட அவள் முன்னவளிடமிருந்து சீட்டு வந்தது. உடல் நலமாக இருக்கிறாள், படி ஏறும்போது மட்டும் முழங்கால் லேசாக வலிக்கிறது. அதை நான்தான் வாசித்துக் காட்டினேன். "அவளுக்கு என்ன, மகராசி" என்றாள் அக்கா.

அவள் போன பிறகும் சீட்டு நிற்கவில்லை. இறப்பை நகராட்சியில் பதிவு செய்கிறார்கள்; அது சுகாதார நிலையத்துக் கணினிக்கு வந்து சேர்வதில்லை. அத்தான் அந்தக் கைப்பேசியை அணைத்துப் பீரோவில் வைத்துவிட்டார். நீக்கச் சொல்லிக் கேட்கத்தான் நான் சகாயராணி சிஸ்டரிடம் போனேன். அவர் திரையைத் திருப்பினார். சாம்பல் நிற உருவம். இன்று நாலாயிரம் அடி நடந்தாள் என்று இருந்தது. எங்கே நடந்தாள் என்று கேட்கத் தோன்றியது. நீக்கச் சொல்லவில்லை. அடுத்த மாதமும் போனேன்.

எடை கூடியிருக்கிறது என்று சொன்ன இந்தச் செவ்வாய்க்கிழமை, சிஸ்டர் திரையை உடனே திருப்பிக்கொள்ளவில்லை.

"உலகு, ஒண்ணு சொல்லணும். மதிக்கு அடுத்த மாசம் இருபத்தஞ்சு ஆகுதுல்ல?"

நிறைமதி என் அக்காவின் ஒரே மகள். தென்காசியில் குமரேசன் என்ற பையனுக்கு நிச்சயமாகி, தை மாதம் கல்யாணம்.

"ஆமா. ஏன் சிஸ்டர்?"

"இப்ப இருபத்தஞ்சுலயே கோப்பு திறக்குறாங்க. தானாத் திறந்துரும். அம்மா வழிப் பதிலெல்லாம் அம்மா கோப்புல இருந்து அதுவே எடுத்துக்கும். நாப்பத்தொண்ணும்."

"சரி, நாம மதியோட கோப்புல மட்டும் திருத்திருவோம்."

"மக கோப்புல அதைக் கையால தொட முடியாது. அம்மா கோப்புல மாத்தினாத்தான் மகளுக்கு இறங்கும். மாத்தலைன்னா அவளுக்கு மரபணுச் சோதனையே வராது. வீட்டுல இருந்துச்சுன்னு சொன்னவங்களுக்குத்தான் இப்ப புதுசா அதைச் செய்றாங்க. குறைஞ்ச அபாயம்னு போட்டு, முப்பத்தஞ்சுல வான்னு அனுப்பிரும்."

நான் திரையைப் பார்த்தேன். "மாத்தினா இவ?"

"ஆரம்பத்துல இருந்து கணக்குப் போடும். அம்பத்தெட்டுல இருக்க மாட்டா."

வெளியே யாரோ மிதிவண்டியைச் சுவரில் சாய்த்தார்கள். நான் வேகமாகப் பேசினேன். எனக்கே என் குரல் வழக்குப் பேசுவது போல இருந்தது.

"அவசியம் இல்ல சிஸ்டர். நான் சொல்லுதேன் கேளுங்க. எனக்கும் இதே பொய்யைத்தான் எழுதினேன். அப்படியும் என்னைக் கண்டுபிடிச்சுதுல்லா? அக்கா விசயத்துல தவறிருச்சு. மதிக்குத் தவறாது. இவ இருந்துட்டுப் போகட்டும்."

சிஸ்டர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"கண்டுபிடிக்கல, உலகு."

"என்னது?"

"மெசின் உன்னைக் கண்டுபிடிக்கல. உங்க அக்கா வந்து சொன்னா."

முகாம் முடிந்த மறுவாரம், தறிக்கு நூல் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு அக்கா தனியாக வந்திருக்கிறாள். வாசலில் நின்று, உள்ளே வந்து, மறுபடி வாசலுக்குப் போய், பிறகு உட்கார்ந்தாளாம். "என் தங்கச்சி கோப்புல நாப்பத்தொண்ணைத் தப்பா எழுதிட்டா சிஸ்டர். எங்கம்மாவுக்குப் புத்துதான். அவளுது மட்டும் மாத்திருங்க. அவ பிள்ள பெறாதவ, அவளுக்குத்தானே கூடுதல்னு சொன்னீக" என்று சொல்லியிருக்கிறாள்.

"உன் கையெழுத்து இல்லாம நான் செஞ்சது தப்பு" என்றார் சிஸ்டர். "அவ கண்ணைப் பாத்துட்டு மறுக்க முடியல."

"அவளுதை ஏன் மாத்தல?"

"கோப்புல என்ன மாத்தினாலும் நகல் குடும்ப அட்டைத் தலைவருக்குப் போகும். உனக்குத் தனி அட்டை, உனக்கு நீதான் தலைவர். அதுலயும் நான் உனக்கு நகல் போகாம நிறுத்திவச்சேன், அவ கெஞ்சினா. அவ அட்டைக்குத் தலைவர் அவ மாமியாரு, வேற ஆளுக்குப் போற நகலை என்னால நிறுத்த முடியாது. 'அத்தை கைக்குப் போயிரும் சிஸ்டர். மதி கல்யாணம் முடிஞ்ச மறுநாள் நானே வந்து மாத்துதேன்'னா. மூணு தடவை சொல்லிவிட்டேன். மூணு தடவையும் இதே பதில். உனக்கு ஆபரேசன் ஆனப்பவும் போய்ச் சொன்னேன். 'என் முன்னவ நல்லா இருக்காளே'ன்னு சிரிச்சா. அவளுக்கே மறந்துபோச்சோ, தெரிஞ்சே சொன்னாளோ, எனக்குத் தெரியல."

எனக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அவள் என் கோப்பில் எழுதிய மெய்தான் என்னைக் காப்பாற்றியது. அந்த மெய்யை அறியாத நான், இயந்திரத்துக்குக் கண் இருக்கிறது என்று நம்பி, வார்டில் "சரி" என்றேன். அவள் எனக்குச் செய்த நன்மையே என் வழியாக அவளுக்குக் கேடாய்த் திரும்பியிருக்கிறது.

வீட்டுக்குப் போகும் வழியில் மதியின் அலுவலகத்துக்குப் போனேன். சேலை வடிவங்களைக் கணினியில் வரையும் வேலை அவளுக்கு. சாப்பாட்டு நேரம். மாடிப்படியில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்திருந்தாள். பெரியப்பாவில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் அவள் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. முடிந்ததும் டப்பாவை மூடினாள்.

"உங்க ரெண்டு பேருக்கும் என் கல்யாணம்னா அவ்வளவு பெரிசா சித்தி? நான் கேட்டேனா?"

"இல்ல."

"அம்மா இருந்தா நான் கல்யாணமே வேண்டாம்னு அம்மாகூட இருந்துட்டுப் போயிருப்பேன்." கண்ணைத் துடைக்கவில்லை, கோபத்தில் அவள் அம்மாவைப் போலவே மூக்கு சிவந்திருந்தது. "குமரேசன்கிட்ட நான் சொல்லிருவேன். மறைச்சுக்கிட்டுப் போய் அங்க உக்காந்திருக்க என்னால ஆகாது. உடைஞ்சா உடையட்டும்." கொஞ்சம் கழித்து, "அந்தத் திரையை நான் ஒரு தடவை பாக்கலாமா? மாத்துறதுக்கு முன்னாடி" என்றாள்.

மறுநாள் இருவரும் போனோம். மதி வெகுநேரம் அந்தச் சாம்பல் உருவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "என் பிள்ளையைத் தூக்கியிருப்பாளா, இந்த முழங்காலை வச்சுக்கிட்டு?" என்று கேட்டாள்.

"தூக்கியிருப்பா" என்றார் சிஸ்டர். "வலிக்குதுன்னு புலம்பிக்கிட்டே தூக்கியிருப்பா."

மகள் என்ற முறையில் மதி விரல் வைத்தாள். சிஸ்டர் நாற்பத்தொன்றைத் திறந்தார். கேள்வியை வாய்விட்டு வாசிப்பது விதி. வாசித்தார். பதிலை நான்தான் சொல்ல வேண்டும், எழுதியவள் நான்.

"ஆமா. எங்கம்மாவுக்கு. சினைப்பையில. நாப்பது வயசுல."

இருபத்தொன்பது ஆண்டுகளில் அந்தச் சொற்களை வெளியாள் முன்னால் நானாக வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. திரையில் வட்டம் சுற்றியது. பிறகு வயது 58 என்றிருந்த இடத்தில் எண் இறங்கத் தொடங்கியது. ஐம்பத்தேழு, ஐம்பத்தைந்து, ஐம்பது. அவள் கூடிய எடை எல்லாம் குறைந்தது. சர்க்கரை சரியானது. முழங்கால் வலி போனது. ஒரு கணம் அவளுக்கு நோய் எதுவுமே இல்லாதது போல இருந்தது. நாற்பத்தேழில் எண் நின்றது. உருவம் மறைந்து வெள்ளைத் திரை மட்டும் இருந்தது. கீழே ஒரு வரி: நோய் தொடங்கிய வயது 46.

"சரியாச் சொல்லுது" என்றாள் மதி, மெதுவாக.

"நாம சரியாச் சொன்னா அதுவும் சரியாச் சொல்லும்" என்றார் சிஸ்டர். "கோப்பு திறந்த அன்னைக்கே உங்க அம்மாவைக் கூப்பிட்டிருக்கும். நோய் தொடங்குறதுக்கு மூணு வருசம் முந்தியே."

அன்று மாலை அத்தான் என் வீட்டுக்கு வந்தார். பேச்சியம்மாள் போன ஆண்டு காலமானபின் அட்டைக்குத் தலைவர் அவர்தான். கையில் இரண்டு கைப்பேசிகள் இருந்தன, அவருடையதும் அக்காவுடையதும். அக்காவுடையதைப் பீரோவிலிருந்து எடுத்து மின்னேற்றியிருக்கிறார்.

"நகல் வந்துச்சு" என்றார். நாற்காலியைக் காட்டினேன். உட்காரவில்லை. "மஞ்சக்காமாலை இல்லன்னு எங்க அம்மாவுக்குப் பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே சந்தேகம் உண்டு, உலகு. எனக்கும் உண்டு."

"அத்தான்?"

"பொண்ணைப் பிடிச்சிருந்துச்சு. கேட்டா உங்களுக்குச் சங்கடமா இருக்கும்னு அம்மா கேக்கல. பெறகு நானும் கேக்கல. அவளாச் சொல்லுவான்னு இருந்தேன். அன்னைக்கு முகாம்லகூட, மெய்யைச் சொல்லுதாளான்னு பாக்கத்தான் தலையை நீட்டினேன்னு அம்மா சாகறதுக்கு முன்னாடி சொல்லிச்சு. சொல்லியிருந்தா சந்தோசப்பட்டிருப்பேன்னுச்சு." அக்காவின் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். "இது இப்பத்தான் வந்துச்சு. இதுக்கு என்ன செய்யணும்?"

வாசித்தேன். திருமதி ஆவுடைத்தங்கம் அவர்களுக்கு. உங்கள் முன்னவள் நோயுற்றாள். அஞ்ச வேண்டாம். உடனே கவனித்தால் முழுமையாகக் குணமாகலாம். ஏழு நாளுக்குள் மாவட்ட மருத்துவமனைக்கு வரவும். துணைக்கு ஒருவரை அழைத்து வரவும்.

மதிக்கும் அழைப்பு இரண்டு நாளில் வந்தது. கோப்பு திறக்க ஒரு மாதம் இருந்தும், அம்மா கோப்பில் இருந்து நேராக வந்துவிட்டது. அவள் குமரேசனிடம் பேசினாள். அவன் அம்மா, முடிவு வரட்டும், பிறகு தேதியைப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார். குமரேசன் மருத்துவமனைக்கு நானும் வரட்டுமா என்று கேட்டானாம். அடுத்த தடவை என்று இவள் சொன்னாளாம். அந்தக் கல்யாணம் நடக்குமா என்று இதை எழுதும் இன்று வரை எனக்குத் தெரியாது.

மூன்று பேரும் முதல் பேருந்தில் போனோம். அத்தான் வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார், ஒரு விசேஷத்துக்குப் போவது போல. மதி கண்ணாடி ஓரம் உட்கார்ந்துகொண்டாள்.

காத்திருக்கும் கூடத்தில் நாற்பது பெண்கள் இருந்தார்கள். ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு துணை. பெயரை மூன்று முறை கூப்பிடுவார்கள், எழுந்து வராவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடுவார்கள் என்று எதிரே பலகையில் எழுதியிருந்தது. அம்மா பெயரை நீக்கச் சொல்லிவிட்டு வரட்டுமா என்று மதி எழுந்தாள். அத்தான் அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

ஒலிபெருக்கியில் ஒரு பெண்குரல், அவசரமில்லாமல்.

"ஆவுடைத்தங்கம். கணவர் பெயர் வள்ளிநாயகம்."

ஐந்து ஆண்டுகளாக வராத அழைப்பு. பக்கத்தில் இருந்த ஓர் அம்மாள் திரும்பி, "யாரும்மா அது, போய்ட்டு வாங்க" என்று பொதுவாகச் சொன்னார்.

"ஆவுடைத்தங்கம்."

சொல்லிவிடலாம். எழுந்து போய், அவள் இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் எழவில்லை. அத்தானும் அசையவில்லை, நிமிர்ந்து உட்கார்ந்து கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் ஒரு முறை இருக்கிறது. கூப்பிடட்டும் என்றிருந்தது.

"ஆவுடைத்தங்கம்."

பிறகு ஒலிபெருக்கி சற்று நேரம் இரைந்தது. யாரோ காகிதம் புரட்டும் ஓசை கேட்டது.

"நிறைமதி."

அவள் எழுந்து போனாள்.